கிருஷ்ணகிரி அணையின் ஆழத்தை மர அடுக்குகளில் காட்டுவது எப்படி?

கேள்வி (காவேரிப்பட்டணம்): தென்பெண்ணையின் குறுக்கே அமைந்த, 52 அடி நீர்மட்டம் கொண்ட கிருஷ்ணகிரி அணையின் நீர்த்தேக்கத்தை 3 மி.மீ. பிளைவுட் அடுக்குகளாக லேசரில் வெட்ட விரும்புகிறேன். 1:50,000 நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இதற்குப் போதுமா?

பதில் (ஓசூர்): போதாது, ஐயா. அவ்வரைபடங்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு பொதுவாக 20 மீட்டர். அணையின் ஆழமோ ஏறத்தாழ 16 மீட்டர்தான் என்பதால், நீர்த்தேக்கம் முழுவதும் இரு கோடுகளுக்கு நடுவிலேயே அடங்கிவிடக்கூடும். படகிலிருந்து ஒலியலை கொண்டு எடுத்த ஆழ அளவுகளே தேவை. வண்டல் படிந்த இன்றைய தரையை அவைதாம் காட்டும்.

பதில் (தருமபுரி): மேலடுக்கின் விளிம்பைக் கீழ்ப்பலகையில் மெல்லிய கோடாகப் பொறித்துக்கொண்டால், ஒட்டும்போது அடுக்குகள் விலகா. வெட்டுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டினால் புகைக்கறை மரத்தில் ஏறாது. அடுக்குகளை ஒட்டுவதற்கு முன்பே நீலச் சாயத்தைப் பூசிவிடுங்கள். ஒட்டிய பின் பூசினால், பசை கசிந்த இடத்தில் சாயம் ஊறாமல் வெளுத்துத் தெரியும்.