கறிவேப்பிலையில் ஒரு எச்சம் நகர்ந்தது: உங்கள் வீட்டில் கண்ட உருமாற்றத்தையும் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

போன ஐப்பசியில் ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை கிள்ளப் போனேன். இலையில் குருவி எச்சம் ஒட்டியிருந்தது. கழுவிக்கொள்ளலாம் என்று கிள்ளினால், எச்சம் நகர்கிறது! கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவை கொத்தாமல் இருக்க, சின்னதாக இருக்கும்வரை அந்த வேஷம். நான்காவது தடவை தோலுரித்ததும் பச்சைப்பசேலென்று ஆகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டும். கூடவே மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு வாடை.

ஐந்து புழுக்களை விட்டுவைத்தேன். செடி மொட்டை. அத்தைக்கு வருத்தம்தான், ஆனாலும் மருந்தடிக்கச் சொல்லவில்லை.

வளர்ந்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்தியது. வயிற்றில் இருந்ததைத் தண்ணீராகக் கழித்துவிட்டு இடம் தேடி அலைந்தது. கடைசியில் ஒரு குச்சியில் வால் நுனியை ஒட்டிக்கொண்டு, உடம்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் போட்டுச் சாய்ந்தது. கரண்டுக் கம்பத்தில் லைன்மேன் பெல்ட் போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அச்சு அசல் அப்படியே. மறுநாள் தோல் கழன்று கூட்டுப்புழு ஆகிவிட்டது.

பத்தாம் நாள் ராத்திரி கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. விடிந்ததும் வெடித்தது. வெளியே வந்தபோது இறக்கை நகக்கண் அளவுதான், ஈரத்துணி மாதிரி கசங்கி. தொங்கியபடி உடம்பிலிருந்த நீரை நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி, என் கண்ணெதிரே விரித்தது. காப்பி ஆறிப்போனதே தெரியவில்லை.

இன்னொரு கூட்டில் நடந்தது வேறு. பக்கவாட்டில் குண்டூசித் துளை. அதன் வழியே எறும்பைவிடச் சின்னக் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. தாய்க்குளவி உள்ளே முட்டை வைத்திருக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குளவியும் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று அதே வழியில் வந்ததுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

தஞ்சாவூரிலிருந்து:

அக்கா, எங்கள் கொல்லைத் தொட்டியில் தலைப்பிரட்டைகள். முதலில் பின்னங்கால், அப்புறம் முன்னங்கால். பாசி சுரண்டிய வாய், பூச்சி பிடிக்கும் வாயாக மாறும் அந்த நாட்களில் அது எதுவும் தின்னாது. கரையும் வால்தான் ஆகாரம். செவுள் போய் நுரையீரல் வந்துவிடுவதால் ஏறி உட்கார இடம் வேண்டும். அது தெரியாமல் போன வருஷம் ஏழெட்டு தண்ணீரிலேயே செத்து மிதந்தன, இன்னும் மனசு ஆறவில்லை. இந்தத் தடவை உடைந்த ஓடு ஒன்றைச் சாய்த்துப் போட்டேன். நேற்று மிளகளவு வால் மிச்சத்தோடு ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தது.