புதுப்பிப்பு: பழைய 486 கணினியில் ஹார்ட் டிஸ்க்காக 4 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ்) கார்டு, டாஸ் 6.22 இயங்குதளம்

முன்பு நான் கேட்டது: கார்டு 504 எம்பி மட்டுமே காட்டுகிறது, டாஸும் பூட் ஆகவில்லை. இரண்டும் தீர்ந்தன.

504 என்பது கார்டின் கோளாறு அல்ல. பழைய பயாஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு நிரல்) டிஸ்க்கின் இடத்தை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டாருக்கு மேல் எண்ணாது. பெரிய டிஸ்க்குகளைக் கையாளும் கூடுதல் பயாஸான எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸின் 386 பதிப்பை 28சி64 என்ற 8 கேபி நினைவகச் சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் போதும். எழுதுமுன் அந்த பயாஸ் கோப்பை அதன் அமைப்பு நிரலில் திறந்து சேமியுங்கள், செக்சம் (பிழை சரிபார்க்கும் கூட்டுத்தொகை) அப்போது சரியாகிவிடும். அது சரியாக இல்லாவிட்டால் மதர்போர்டின் பயாஸ் இந்தச் சிப்பைக் கண்டுகொள்ளாது. மதர்போர்டின் பயாஸ் செட்டப்பில் ஹார்ட் டிஸ்க்கை 'இல்லை' என்று வைக்கவும்.

பூட் ஆகாததற்குக் காரணம், பார்ட்டிஷனை யுஎஸ்பி ரீடரில் போட்டது. அங்கே ஹெட், செக்டார் கணக்கு வேறு. 486 மெஷினிலேயே எஃப்டிஸ்க் (பார்ட்டிஷன் போடும் டாஸ் நிரல்) ஓட்டி, பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, பூட் நிரலைப் புதிதாக எழுத 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்', பிறகு டாஸ் கோப்புகளோடு ஃபார்மேட் செய்ய 'ஃபார்மேட் சி: /எஸ்' கொடுக்கவும். டாஸின் கோப்பு முறை ஃபேட்16 என்பதால் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது, மீதிக்கு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்.

சிப் டி000 என்ற நினைவக முகவரியில் இருந்தால், கான்ஃபிக்.சிஸ் கோப்பில் உள்ள இஎம்எம்386 (டாஸின் நினைவக மேலாண்மை நிரல்) வரியில் எக்ஸ்=டி000-டி1எஃப்எஃப் சேர்த்து அந்த இடத்தை விலக்குவது நல்லது. அந்த இடம் மேல்நினைவகத்துக்குப் போய்விட்டால் டிஸ்க்கைத் தொட்டதுமே மெஷின் உறைந்துவிடும்.