செல் குரூப் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல்வாசி
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூலில் வெள்ளிக்கிழமை ராத்திரி கூடும் சபை வீட்டுக் குழு இந்த மாதம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. 11 பேர், 19 வயதிலிருந்து 64 வரை. இருவர் மட்டும் பேசுகிறார்கள், நாலு பேர் வாயே திறப்பதில்லை. மீதி நேரம் நான் பிரசங்கம் பண்ணுகிறேன். ஜெபக் குறிப்பு கேட்டாலே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து குடும்பச் சண்டை, கடன் என்று பேசுகிறவர்களுக்கு எதுவரை ஆலோசனை சொல்லலாம்? உதவித் தலைவரை எப்போது பிடிப்பது? "ஜெபியுங்கள், கர்த்தர் நடத்துவார்" என்று மட்டும் பதில் போட வேண்டாம். ஜெபிக்கிறேன். செய்முறைதான் தெரியவில்லை.

ஒலிவக்கன்று
பிரதர், முதலில் கடிகாரம். 8.00 முதல் 9.30 வரை என்று வையுங்கள். பாட்டும் நலம் விசாரிப்பும் 15 நிமிடம், வேத பாகம் 40, ஜெபம் 25, அறிவிப்பு 10. 9.30-க்கு முடித்துவிட வேண்டும். மைலோவும் பலகாரமும் அதற்குப் பிறகு, இருக்க விரும்புகிறவர்களுக்கு. எல்.ஆர்.டி. ரயிலில் வருகிறவருக்கும் சனிக்கிழமை வேலைக்குப் போகிறவருக்கும் முடியும் நேரம் தெரியாவிட்டால், மூன்றாம் வாரம் வர மாட்டார்கள்.

வேத பாகம் 8 முதல் 12 வசனம் போதும். ஒரு முழு அதிகாரத்தை எடுத்தால் நீங்கள் விளக்கியே ஆக வேண்டும், அங்கேதான் பிரசங்கம் ஆரம்பமாகிறது. கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். "இது நமக்கு என்ன கற்றுத் தருகிறது?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான் வரும்: விசுவாசமாய் இருக்க வேண்டும். வசனத்துக்குள் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை முதலில் கேளுங்கள். யார் இருக்கிறார்கள், யார் என்ன சொன்னார், எந்த வார்த்தை திரும்ப வருகிறது. பேசத் தயங்குகிறவருக்கு இது பாதுகாப்பான வாசல், தப்பாகப் போக வழியில்லை. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நாலில் நீங்களே பதில் சொன்னால், "காத்திருந்தால் அவரே சொல்லிவிடுவார்" என்று குழு கற்றுக்கொள்ளும்.

அதிகம் பேசுகிறவரை எதிரில் உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். கண்ணோடு கண் படாவிட்டால் பாதி குறையும். பேசாதவரைத்தான் எதிரில் வைக்க வேண்டும். ஆனால் "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று திடீரென்று பேர் சொல்லிக் கேட்காதீர்கள், அடுத்த வாரம் தலைவலி வந்துவிடும். இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் பேச விட்டு, பிறகு எல்லோருக்குமாகக் கேளுங்கள்.

தமிழ் வாசிப்பு இன்னொரு சங்கதி. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு வசனம் என்றால் அவர்களுக்கு அது தண்டனை. ஆங்கிலத்திலோ மலாயிலோ வாசிக்கட்டும். நம் பழைய வேத மொழிபெயர்ப்பிலும் கண்ணிகள் உண்டு. 1 பேதுரு 5:3-இல் வரும் "சுதந்தரம்" பங்கு, சொத்துரிமை. அதை "சுதந்திரம்" என்று வாசித்து அதன்மேல் ஒரு சாட்சியே கட்டிவிடுவார்கள். தலைவர்களுக்கு எழுதின வசனம் வேறு அது!

ஜெபக் குறிப்புக்கு: குழுவை மூன்று பேர், நாலு பேராகப் பிரியுங்கள். தனக்காக ஒரே ஒரு குறிப்பு, ஒரு சின்ன அட்டையில் ஒரு வரி. சொன்ன உடனே அவருக்காக ஜெபம், பிறகுதான் அடுத்தவர். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்றால் கேட்பதிலேயே நேரம் தீர்ந்துவிடும். "தனக்காக" என்பதைக் கறாராகப் பிடியுங்கள். பக்கத்து வீட்டு அக்காள் மகளுக்காக ஜெபியுங்கள் என்று தொடங்குவது பாதி நேரம் புறணியில் போய் நிற்கும்.

மார்த்தாள்_பிஜே
தம்பி, தனியாகப் பேச வருகிறவர்களைப் பற்றி.

நீங்களே போய்ப் பேசுங்கள், அவர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் பிரச்சினை முற்றிய பிறகுதான் வருவார்கள். வாரம் ஒருவர், 45 நிமிடம் என்றால் 11 வாரத்தில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். மாமாக் சாப்பாட்டுக் கடை மாதிரி நாலு பேர் பார்க்கும் இடமே நல்லது. பெண்களை ஒரு சகோதரி சந்திக்கட்டும். அவர் பேசும் நேரத்தில் பாதிகூட நீங்கள் பேசக்கூடாது. போன தடவை என்ன சொன்னார் என்பதை நினைவு வைத்துக் கேட்டாலே போதும், அது நூறு ஆலோசனைக்குச் சமம்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். புதிய தலைவர்கள் எல்லோரும் விழும் குழி இது. இப்படிச் சொல்லுங்கள்: "உங்க அனுமதி இல்லாம வெளியே போகாது. ஆனா உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் தீங்குன்னா நான் உதவி தேடியே ஆகணும்." பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பாதிக் கதை வந்தபின் சொன்னால் துரோகம் மாதிரி இருக்கும். பிள்ளைகள்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். "சபைக்குள் பேசித் தீர்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

கணவர் அடிக்கிறார் என்று ஒரு சகோதரி சொன்னால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து சமாதானம் பேசாதீர்கள். மத்தேயு 18-ஐத் தூக்கிக்கொண்டு "முதலில் தனியாகப் போய்ச் சொல்" என்பதும் தப்பு. அன்றைக்கு ராத்திரி அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு. காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு, அங்கே இதற்கென்றே ஒரே இடத்தில் உதவி செய்யும் மையம் உண்டு. போலீஸ் புகார் இல்லாமலே சமூகநல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு போட முடியும். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999.

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்ற பேச்சு வந்தால் மழுப்பாமல் நேராகக் கேளுங்கள்: தற்கொலை எண்ணமா? கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். இப்படிப்பட்டவர்களோடு பேசும் உதவித் தொலைபேசி பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை முயற்சி 2023-லிருந்து மலேசியாவில் குற்றமல்ல, போலீஸ் பயம் காட்டி யாரையும் வாயடைக்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையோ மனநல மாத்திரையோ, "விசுவாசம் இருந்தா நிறுத்திடலாம்" என்று நீங்களும் சொல்லாதீர்கள், குழுவில் யார் சொன்னாலும் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

கடனுக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த அன்றிலிருந்து அவருக்கு நீங்கள் கடன் கொடுத்தவர், மேய்ப்பர் இல்லை. தேவை உண்மையானால் சபையின் உதவி நிதி வழியாகப் போகட்டும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தரும். ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) கடனை அவர்கள் தொட மாட்டார்கள். குழுவுக்குள் யாரும் கூட்டு (சீட்டு) கட்ட விடாதீர்கள், 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது. ஒருத்தர் பணத்தோடு மறைந்தால் குழுவும் அதோடு மறையும்.

பாயான்பாரு
உதவித் தலைவர்: இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். நன்றாகப் பேசுகிறவரைப் பிடிக்காதீர்கள். 7.50-க்கு வந்து நாற்காலி போடுகிறவர், வராதவருக்கு மறுநாள் போன் செய்கிறவர், அவரைப் பாருங்கள். 1 தீமோத்தேயு 3:6 புதிதாக வந்தவர் வேண்டாம் என்கிறது. இரண்டு மாதம் பார்க்கட்டும், இரண்டு மாதம் ஜெபப் பகுதியை மட்டும் நடத்தட்டும், பிறகு மாதம் ஒரு வேத பாகம். அவர் நடத்தும் நாளில் நீங்கள் மூலையில் உட்கார்ந்து முதல் 20 நிமிடம் வாயை மூடுங்கள். தப்பாகச் சொன்னாலும் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். மறுநாளே ஒரு 15 நிமிடம்: நன்றாகச் செய்ததில் இரண்டு, மாற்ற வேண்டியதில் ஒன்றே ஒன்று.

எங்கள் பக்கம் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். அப்படிப்பட்டவரானால் பாதி வெள்ளிக்கிழமைதான் கிடைப்பார், மேலே சொன்ன மாதக் கணக்கை இரண்டாகப் பெருக்குங்கள்.

ஒலிவக்கன்று
ஷிப்ட் ஆளுக்கு ஏன் பெருக்க வேண்டும்? இரண்டு பேரை எடுங்கள். ஒருவர் வராத வாரம் மற்றவர். யாத்திராகமம் 18-ஐக் காட்டி "பத்துப் பேருக்கு ஒரு தலைவர்" என்று எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறோம். மோசேயின் மாமன் எத்திரோ அங்கே சொன்ன இன்னொரு பாதி, கஷ்டமான வழக்கு மோசேயிடம் மேலே வர வேண்டும் என்பது. உங்கள் பாஸ்டரிடம் எதை உடனே கொண்டுபோக வேண்டும் என்று அவரோடேயே உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி
அக்கா, பிரதர், ரொம்ப நன்றி. இந்த வெள்ளி மாற்கு 4:35-41 எடுக்கலாமென்று இருக்கிறேன். கேள்விகள்: படகில் யார் யார்? சீஷர்கள் இயேசுவிடம் என்ன கேட்டார்கள்? உங்கள் வாழ்க்கையில் என்ன புயல்? சரியா?

ஒலிவக்கன்று
முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வசனத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு புயலாகப் போய்விடும். நடுவில் இதைப் போடுங்கள்: காற்று நின்றபின், 41-ஆம் வசனத்தில், சீஷர்கள் மிகவும் பயந்தார்கள் என்று இருக்கிறதே, ஆபத்து போன பிறகு ஏன்? அதைக் கேட்டுவிட்டு பத்து எண்ணுங்கள். இதற்கு இருபதுகூட எண்ண வேண்டி வரலாம்.