புதுப்பிப்பு: கொண்டலாம்பட்டி பைபாஸில் நின்ற கேஸ் டேங்கர்

கொண்டலாம்பட்டி பைபாஸில் எல்பிஜி டேங்கர் நிழலில் ஒருவர் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "காலி வண்டிதானே, என்ன ஆபத்து?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

கேஸ் கப்பலில் வேலை பார்க்கும் மச்சானிடம் கேட்டேன். இறக்கிய பிறகும் டேங்கில் ஆவி மிச்சம் இருக்கும், அதைக் காலி என்றே நினைக்கக் கூடாது என்றார். எல்பிஜி ஆவி காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு ஊர்ந்து சாக்கடையில் தேங்கும். கப்பலிலும் டேங்கை 98 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டுமே. நம்ம சேலத்து சித்திரை வெயில்தான் நினைவுக்கு வந்தது.

நேற்று மறுபடி போனேன். வேறொரு டேங்கர், பின்னால் 1075 என்ற எண், ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்களில் எல்பிஜிக்கானது அது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தார் டிரைவர். டீக்கடை அக்கா, "வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிட்டேன் தம்பி" என்றார். கடைச் சுவரில் தீயணைப்பு எண் 101 என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.