புதுப்பிப்பு: அம்மாவின் பிரெட்னிசோலோன் குறைப்பு

மூட்டுவாதத்துக்குப் பல வருடமாகச் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்ததும் அம்மா சோர்ந்துபோகிறார், நோய் திரும்பிவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை, மூட்டில் வீக்கமே கிடையாது. ஆனால் ஹட்டன் குளிரில் காலையில் எழுந்து நின்றாலே தலைசுற்றல், குமட்டல். லயத்துப் படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். காலை நேர இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் கோர்டிசோல் ஹோர்மோன் குறைவு. அந்த ஹோர்மோனின் வேலையைச் செய்யும் மாத்திரை வந்துகொண்டே இருந்ததால் அட்ரினல் சுரப்பி வேலையை விட்டிருக்கிறது. மீள மாதக்கணக்கு ஆகலாம். "வலி போயிருச்சே, இன்னும் எதுக்கு" என்று திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். இப்போது மறுபடி 5 மில்லிகிராம். அப்புறம் மாதம் 1 மில்லிகிராமாகத்தான் குறைப்பு. காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டும்படி டொக்டர் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தந்திருக்கிறார்.