மல்லாட்டையை (வேர்க்கடலையை) எரித்தால் பாதி கலோரிகூட வரவில்லை, சூடு எங்கே போகிறது?

கேட்பவர்: அரசுப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

வணக்கம். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறிவியல் கண்காட்சிக்குச் சோதனை செய்கிறாள். வீட்டில் மல்லாட்டை பயிரிடுகிறார்கள். "களை எடுக்கப் போகும்போது அம்மா ஒரு கை மல்லாட்டையும் வெல்லமும்தான் எடுத்துப் போவாங்க, அதுல எவ்வளவு சக்தி இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். அங்கிருந்துதான் இது தொடங்கியது.

நாங்கள் செய்தது இதுதான். காலி குளிர்பான டப்பாவில் 50 மில்லி தண்ணீர். அடியில் கார்க்கில் ஊசி குத்தி, ஊசி முனையில் வறுத்த மல்லாட்டைப் பருப்பு ஒன்று. பற்ற வைத்து, அணைந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்தோம். பருப்பின் எடை 0.62 கிராம், எரிந்து மிஞ்சிய கரி 0.08 கிராம். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்னத் தராசில் நிறுத்தோம். தண்ணீர் 29 டிகிரியிலிருந்து 52 டிகிரிக்கு ஏறியது.

50 பெருக்கல் 23, ஆக 1150 கலோரி. எரிந்த 0.54 கிராமுக்கு வகுத்தால் கிராமுக்கு 2.1 கிலோ கலோரி. ஆனால் கடைப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 567 என்று போட்டிருக்கிறது, அதாவது கிராமுக்கு 5.67. ஐந்து முறை செய்தோம், எதுவும் 2.4-ஐத் தாண்டவில்லை.

சக ஆசிரியர் ஒருவர், "நடுவர்கள் பாக்கெட் கணக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள், 5.5 வருகிற மாதிரி எழுதிவிடுங்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண் தன் கையால் அளந்த எண்ணை நானே அழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஏன் குறைகிறது என்று கேட்டால் "சூடு வீணாகிறது" என்பதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வீணாகிற இடங்களை அவளே அளந்து காட்ட வழி உண்டா?

---

பதில் 1: அனல் மின் நிலைய ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்

டீச்சர், அந்த 2.1-ஐத் தொடாதீர்கள். அது சரியான அளவுதான். தண்ணீருக்குள் எவ்வளவு சூடு வந்தது என்பதை அது உண்மையாகச் சொல்கிறது.

நிலக்கரிக்கு கலோரி பார்ப்பதுதான் பணிக்காலம் முழுக்க என் வேலை. அங்கே பாம் கலோரிமீட்டர் என்ற கெட்டியான எஃகுப் பாத்திரம் இருக்கும். அதற்குள் ஒரு கிராம் நிலக்கரித் தூளை வில்லையாக அழுத்தி வைத்து, 25, 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜன் நிரப்பி, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுப் பற்ற வைப்போம். பாத்திரம் முழுதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதனால் புகை கிடையாது, கரி மிஞ்சாது, சூடு தப்பிக்க வழியே இல்லை. உங்கள் ஊசி முனையில் புகையும் உண்டு, கரியும் மிஞ்சுகிறது, சூடும் தப்பிக்கிறது. ஒவ்வொன்றாகக் கணக்கெடுப்போம்.

டப்பாதான் சூட்டைக் குடித்துவிடுகிறது என்று பலரும் எழுதுவார்கள். பார்த்துவிடலாம். காலி டப்பா சுமார் 14 கிராம். அலுமினியம் ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற 0.215 கலோரி போதும். 23 டிகிரிக்கு மொத்தம் 70 கலோரி. அது பெரிய திருடன் இல்லை.

அந்த 0.08 கிராம் கரியைப் பாருங்கள். அதைக் கழித்துவிட்டு வகுத்தால் நியாயம் என்று தோன்றும். ஆனால் மிஞ்சியது பெரும்பாலும் கார்பன். கார்பன் முழுதாக எரிந்தால் கிராமுக்கு 7.8 கிலோ கலோரி கொடுக்கும், பருப்பை விட அதிகம். அந்தக் கருப்புத் துணுக்குக்குள் மட்டும் 600 கலோரி எரியாமல் கிடக்கிறது! டப்பா அடியில் படிந்த கரிப்புகையும் இதே வகைதான்.

அப்புறம் ஆவி. இதை யாரும் நினைப்பதில்லை. 50 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 570 கலோரியைக் கொண்டு போய்விடும். அரை கிராம் போயிருந்தால் கிட்டத்தட்ட 300. டப்பாவைத் தண்ணீரோடு, முன்னும் பின்னும் அடிக்கரியைத் துடைத்துவிட்டு, நிறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரை 100 மில்லி ஆக்கினால் அவ்வளவு சூடேறாது, ஆவியும் குறையும்.

இப்போது கூட்டுங்கள். தண்ணீரில் 1150, டப்பாவில் 70, கரியில் 600, ஆவியில் 300. மொத்தம் 2120. பாக்கெட் கணக்குப்படி 0.62 கிராமுக்கு வர வேண்டியது 3500. பாக்கி 1400 டப்பாவைத் தொடாமலேயே பக்கவாட்டில் காற்றோடு போனது.

அதை அளக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் நிலக்கரியைப் போடுவதற்கு முன் பென்சாயிக் அமிலத்தை எரிப்போம். அது கிராமுக்கு 6318 கலோரி என்று உறுதியாகத் தெரியும். அதைக் கொண்டு கருவியின் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நிலக்கரிக்குப் போவோம். உங்களுக்கு மெழுகுவர்த்தி போதும். மெழுகு கிராமுக்கு ஏறத்தாழ 10.5 கிலோ கலோரி. அதே டப்பா, அதே உயரம். வர்த்தியை முன்னும் பின்னும் எடை பார்த்து, தண்ணீருக்குள் எத்தனை பங்கு வந்தது என்று பாருங்கள். அந்தப் பங்கால் மல்லாட்டைக் கணக்கை வகுக்க வேண்டும். ஸ்பிரிட் விளக்கு வேண்டாம், அது புகையில்லாமல் எரியும். மல்லாட்டைச் சுடர் எண்ணெய்ச் சுடர், மெழுகுதான் அதற்கு நெருக்கம்.

---

பதில் 2: உணவியல் படிப்பவர்

டீச்சர், பாக்கெட்டில் இருக்கும் 567 எரித்து அளந்த எண் இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கிலோ கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிக் கூட்டுவது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்விலிருந்து வந்த முறை. அவர் ஒரு அறையையே கலோரிமீட்டராகக் கட்டி, மனிதரை நாள்கணக்கில் உள்ளே வாழவைத்து, சாப்பிட்டதையும் வெளியேறியதையும் சூட்டையும் அளந்தார்.

புரதத்தைக் கருவியில் எரித்தால் கிராமுக்கு 5.6 வரும். உடம்பு அதை முழுதாக எரிப்பதில்லை, மிச்சத்தை யூரியாவாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. கொஞ்சம் செரிக்காமலும் போகும். அதனால் 4 என்று வைக்கிறோம். மல்லாட்டையில் கால்வாசி புரதம். ஆகவே நன்றாக எரித்தால் 5.67-ஐ விடக் கூடுதலாகத்தான் வர வேண்டும். 5.5 என்று திருத்தி எழுதியிருந்தால் அதுவும் தவறான விடைதான்.

---

பதில் 3: இன்னொரு பள்ளியின் ஆசிரியர்

பால்பவுடர் டின் ஒன்றின் இரண்டு பக்கமும் வெட்டி, அடி ஓரத்தில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டு, சுடரைச் சுற்றி நிறுத்துங்கள். காற்று அடியில் நுழையும், சூடு மேலேதான் போக வேண்டும். எங்களுக்கு இது ஒன்றே பெரிய வித்தியாசம் கொடுத்தது. தோலை உரித்துவிடுங்கள். வெளியில் செய்யுங்கள், முடியைக் கட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். வகுப்பில் கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் புகைகூட ஆகாது, முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

---

கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் இதுதான் வேலை. டின் செய்தோம், தண்ணீரை 100 மில்லி ஆக்கினோம். மெழுகு 0.32 கிராம் எரிந்தது, தண்ணீர் 16 டிகிரி ஏறியது. கொடுத்தது 3360 கலோரி, வந்தது 1600. பாதிக்குக் கொஞ்சம் கீழே.

அந்தப் பங்கை வைத்து, ஐயா சொன்னபடி கரியைக் கழிக்காமல் முழு எடைக்குக் கணக்கிட்டால் மூன்று பருப்புக்கு 6.1, 5.3, 6.2 வருகிறது. நடுவில் உள்ள 5.3-க்கு நடுப்பகுதி கருப்பாகவே நின்றுவிட்டது. "அதையும் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன், அந்தக் கரித்துண்டையும் சார்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். சூடு போன இடங்களை ஐயா கூட்டின வரிசையிலேயே பெரிதாக வரைந்திருக்கிறாள்.

ஒரே ஒரு சிக்கல். ஒப்பிடப் பொட்டுக்கடலை எடுத்தோம், பற்றவே மாட்டேன் என்கிறது.

---

பதில் 1-ஐ எழுதியவர்

பொட்டுக்கடலையில் எண்ணெய் 5, 6 சதவீதம்தான் டீச்சர், மல்லாட்டையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். திறந்த காற்றில் சுடரைத் தாங்குவது எண்ணெய்தான். எங்கள் பாமுக்குள் வைத்தால் எரிந்துவிடும், ஊசியில் எரியாது. கொப்பரையும் முந்திரியும் எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பரையை ஒரு நாள் வெயிலில் காயவைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள், ஈரம் இருந்தால் அதை விரட்டவே சூடு செலவாகும்.