சித்தப்பாவின் பழைய மடிக்கணினியும் லினக்ஸும்: குடும்பக் குழு உரையாடல்

செல்வம் சித்தப்பா: 2016இல் வாங்கிய என் மடிக்கணினி இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். எழில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் என்னால் சமாளிக்க முடியுமா?

எழில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி, சித்தப்பா. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் இதில் தாராளமாக ஓடும், முகப்பும் உங்களுக்குப் பழகியதைப் போலவே இருக்கும். நீங்கள் விடவே முடியாத மென்பொருள் எது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

செல்வம் சித்தப்பா: வங்கி வேலை, யூடியூப், குடியிருப்போர் சங்கக் கடிதங்கள், அவ்வளவுதான். என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறேன். பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன.

எழில்: வங்கியும் யூடியூபும் உலாவியில் அப்படியே இயங்கும். என்.எச்.எம். ரைட்டர் விண்டோஸுக்கானது, ஆனால் லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக அதே தமிழ்99 கிடைப்பதால் உங்கள் விரல்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவை மறக்காமல் நிறுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய கடிதங்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வேர்டில் போட்ட அட்டவணைகள் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரெஆபிஸில் சற்று நகரக்கூடும் என்பதால், பிறருக்கு அனுப்புவதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

வாசுகி அக்கா: அப்படியென்றால் டேலி கணக்கு மென்பொருளையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் வைத்துப் பிழைக்கும் நானும் மாறலாமா, தம்பி?

எழில்: வேண்டாம், அக்கா. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க உதவும் வைன் மூலம் அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு என்றாலும், ஜி.எஸ்.டி. ரிட்டர்னின் கடைசி நாளில் டோக்கன் முரண்டு பிடித்தால் லினக்ஸ் தெரிந்த ஆளை எங்கே தேடுவீர்கள்?

கலா அத்தை: பிரிண்டரைப் பற்றி யாருமே பேசவில்லையே? அண்ணன் வீட்டில் இருப்பது பழைய லேசர் பிரிண்டர்.

எழில்: நல்ல கேள்வி, அத்தை. சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு அவற்றை லினக்ஸில் இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் விண்டோஸை இப்போதைக்கு அழிக்காமல், மின்ட்டை 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, பிரிண்டர், வைஃபை, ஒலி மூன்றையும் சோதித்துவிடலாம். பிரிண்டர் ஒத்துழைக்காவிட்டால் இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், கோப்புகளை முதலில் வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள், சித்தப்பா.

செல்வம் சித்தப்பா: சரி, இன்றே நகலெடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவுடன் வா.